பல்லி இல்லாத வீடு

வேலைக்குப் போகிற வீட்டில் பவளக்கொடியின் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். வீட்டுக்காரர் முகத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள். ஒவ்வொரு கூரையின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அரசாங்கம் அதற்கு ஒரு முழ நீளத்தில் பெயர் வைத்திருக்கிறது. ஈரோட்டில் ஒருத்தராவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமே! பல்லி என்பார்கள். சத்தமே இல்லாமல் மேலே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் நடப்பதையெல்லாம் கவனித்து, ஒரு நாள் எதையாவது சொல்லித் தொலைக்கிற சாமானுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

பல்லி வந்தது என்னவோ இணையத்துக்காகத்தான். வயர் வேண்டாம், வீடு முழுக்கக் காற்றிலேயே வரும் என்றார்கள். காற்றில் வருகிற அலை ஆளின் மேல் பட்டுத் திரும்புகிறது, திரும்புகிற விதத்தை வைத்து அந்த ஆள் நடக்கிற நடையையும் விடுகிற மூச்சையும் எண்ணலாம் என்பது பின்னால் தெரிந்தது. கேமரா கிடையாது, மைக் கிடையாது, பயப்படாதீர்கள் என்றார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த நாலு பேரைப் பல்லி காப்பாற்றியதும் ஊரே அதைக் கும்பிட்டது. அதற்கப்புறம்தான் பல்லி சொன்னால் சொன்னதுதான் என்று சட்டம் வந்தது.

கம்பி இணையத்துக்கு மாறுகிறேன், பல்லியைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்கிற ஆட்கள் அபூர்வம். அந்த வேலைக்கு உரிமம் உள்ளவர்கள் மாவட்டத்தில் ஆறே பேர். அதில் ஒருத்தி பவளக்கொடி. பதினோரு வருஷம் இன்னொருத்தருக்கு ஏணி பிடித்து, நாற்பதாவது வயதில் வாங்கிய உரிமம். சொத்து என்று அவள் பேரில் இருப்பது அது ஒன்றுதான்.

பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது தெருவில் இருந்தது அந்த வீடு. வாசலில் சட்டைப் பையில் பென்சில் செருகிக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார்.

"வாங்க அம்மணி. அர்த்தநாரி நாந்தானுங்க. நாப்பது வருசம் சர்வேயரா இருந்தவன். டேப் இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டான்னு ஆபீசுல பேரு."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி கலாமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "உம்பேரென்ன கண்ணு?"

"பவளக்கொடிங்கம்மா."

"நல்ல பேரு. எங்க பெரியம்மா பேரு."

அர்த்தநாரி கட்டம் போட்ட தாளில் வீட்டை வரைந்து வைத்திருந்தார். கூடத்தில் நடுப்பெட்டி, அங்கிருந்து ஆறு இடத்துக்கு ஆறு லைன், ஒவ்வொன்றுக்கும் மீட்டர், செண்டிமீட்டர் சுத்தமாக அளவு. எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி இருந்தது. பவளக்கொடிக்கு மனசு நிறைந்துவிட்டது. வழக்கமாக வீட்டுக்காரர்கள் கையை விரித்து "இங்கிருந்து அங்க" என்று காட்டுவதுதான் அளவு.

வெளி லைன் வருகிற இடத்தைக் காட்டுகிறேன் என்று அவர் அவளை மாடிக்குக் கூட்டிப் போனார். மேலே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைக்கறது ஞாயமில்லீங்க. எங்கூட்டம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு."

பவளக்கொடி படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அடுப்ப அணைக்காம உட்டுட்டேங்கறா. கேட்டுச் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டேங்கறா. நேத்து எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரைய ரெண்டு தடவ குடுத்துட்டேன்னு அழுவறா. எல்லாத்தையும் அவளே வந்து சொல்லிப்போடறா, பாவம். போன மாசம் பல்லி ஒருக்கா மஞ்சளா எரிஞ்சுச்சுங்க."

"யாருக்குன்னு காட்டுச்சுங்களா?"

"மஞ்சள்ல பேரு வராதாம். வீட்டுல ஒருத்தரு நடை மாறுதுன்னு மட்டுந்தான். செவப்பு வந்தாத்தான் பேரு. பேரு வந்தா பதினஞ்சு நாள்ல வண்டி வந்துரும்."

அந்த வண்டி பவளக்கொடிக்குத் தெரியும். நினைவு தப்பப் போகிறவர்களை நினைவு தப்புவதற்கு முன்பே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. ஊருக்கு வெளியே பெரிய இல்லம் கட்டியிருக்கிறார்கள், சுத்தமாக வைத்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்கும் குறையில்லை. போகிறவரின் கையெழுத்து அன்றோடு செல்லாது. கணவனோ மனைவியோ கூடத் தங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போய்ப் பார்க்கலாம். பல்லி சொன்னது தப்பு என்று இதுவரை ஒருத்தரும் நிரூபித்ததில்லை. அதுதான் அதில் இருக்கிற கொடுமை.

"அவகிட்ட எனக்குத் தலைவலி, அந்த அலை ஒத்துக்கலைன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க."

"சார், வேலை முடிஞ்சதும் நான் ஒரு உறுதிமொழிப் பாரம் அனுப்போணும். இந்த வீட்டுல நினைவு கொறஞ்சவங்க இருக்கறதா எனக்குத் தெரியலைன்னு. பொய்னு தெரிஞ்சா என்ற உரிமம் போயிரும்."

"நான் சொன்னதக் கேக்காத மாதிரி இருந்துக்குங்க."

"கேட்டதக் கேக்காம ஆக்கறதுக்கு எந்தக் கடையிலீங்க சுவிட்சு விக்கறாங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோபியில் ஒரு வீட்டில் பவளக்கொடி உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். அந்த அம்மாவை ஏற்றிப் போன அன்று அவர் கணவர் போனில் கூப்பிட்டார். திட்டவில்லை. "இனி எந்த லைனும் வேண்டாம்மா, எல்லாத்தையும் கழட்டிக்கோ" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம். அந்த வீட்டு வழியாகப் போவதை அவள் இன்றைக்கு வரைக்கும் தவிர்க்கிறாள்.

சரி, வேலையை முதலில் முடிப்போம், பாரத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்வோம் என்று கீழே இறங்கினாள்.

இங்கேதான் பவளக்கொடி ஒரு தப்புப் பண்ணினாள். வேறு யாராவது வரைந்த படமாக இருந்தால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி டேப் பிடித்திருப்பாள். சர்வேயர் போட்ட கோடாயிற்றே என்று நம்பி, கூடத்திலேயே உட்கார்ந்து ஆறு வயரையும் தாளில் இருந்த அளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் சீட்டு ஒட்டிவிட்டாள். சுவரில் பைப் அடித்து முதல் வயரை இழுத்தால் மூன்று மீட்டர் பற்றவில்லை. இரண்டாவது வயர் ஐந்து மீட்டர் மிச்சம். மூன்றாவதைப் படத்தின்படி கொண்டுபோனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் அறையே இல்லை, காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது. படத்தில் மாடிப்படி இடது கைப்பக்கம். வீட்டில் அது வலது கைப்பக்கம். ஒரு சர்வேயர் செண்டிமீட்டரில் தப்பலாம், மாடிப்படியில் எப்படித் தப்புவார்?

தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கலாமணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. உம்பேரென்ன?"

வேலை மும்முரத்தில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். கலாமணி தாளை வாங்கிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். மாடிப்படிக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது பவானி வீடு கண்ணு. நாங்க வித்துப்போட்டு வந்து பதினோரு வருசமாச்சு."

"சார் அளந்தேன்னு சொன்னாரே?"

"அளந்தாரு. மூணு நாளா டேப்பப் புடிச்சுட்டு இந்த வூட்டத்தான் சுத்துனாரு. ராத்திரி உக்காந்து அந்த வூட்ட வரைஞ்சிருக்காரு." எட்டிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டார். "சத்தமாப் பேசாத. எங்கூட்டுக்காரருக்குத் தெரியாது."

"அப்ப மறதி..."

"அவருக்குத்தான். எனக்குன்னு உங்கிட்ட சொன்னாராக்கும்? அப்படித்தான் நெனச்சுட்டிருக்காரு. அப்படியே நெனச்சுக்கட்டும்." மறுபடியும் நறுக்க ஆரம்பித்தார். "அடுப்ப அணைக்காம உடறது அவரு. சாவிய ஃப்ரிட்ஜுல வெச்சது அவரு. ரெண்டு தடவ மாத்திரைய முழுங்குனதும் அவரேதான். நாம் போயி, அய்யய்யோ நாந்தான் பண்ணிட்டேன்னு சொல்லிப்போடுவேன். உனக்கு வயசாயிருச்சு கலான்னு சிரிப்பாரு. இந்த வூட்டுல எது தப்பாப் போனாலும் நான் பண்ணுனதுதான்."

பவளக்கொடி தாளைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டாள். ஆனாலும் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க போனா மருந்து குடுக்கறாங்க. சீக்கிரம் கண்டுபுடிச்சா நல்லாக் கேக்குதுங்கறாங்க."

"கேக்குது கண்ணு. நானும் விசாரிச்சேன். ரெண்டு வருசம் தள்ளிப் போடுமாம். அந்த மருந்தை வூட்டுக்குக் குடுங்கன்னு கேட்டேன். மாட்டாங்களாம், அங்க வந்தாத்தானாம். கெடைக்கற ரெண்டு வருசத்தையும் அந்தக் கட்டடத்துல ஒத்தையில படுத்துட்டுக் கழிக்கோணும். அப்பறம் அந்த ரெண்டு வருசத்த வாங்கி என்ன பண்ணறது?"

"சாரைக் கேட்டு முடிவு பண்ணலாமில்லீங்களா?"

கலாமணியின் கை நின்றது. "அது தப்புன்னு எனக்குத் தெரியும். அவரு உசுரு, அவருதான் சொல்லோணும். ஆனாக் கேட்டா, உனக்குத் தொந்தரவா இருக்க வேண்டாம்னு அன்னைக்கே பையைத் தூக்கிட்டுக் கெளம்பிருவாரு. அந்த மனுசன எனக்குத் தெரியாதா?"

பவளக்கொடி கூடத்துக்குத் திரும்பி வந்து வீட்டைப் புதிதாக அளந்தாள். "என்னங் அம்மணி, என்ற அளவு செரியில்லையா?" என்று அர்த்தநாரி வந்து நின்றார்.

"அளவு செரிதானுங்க. அம்மா டிவியையும் மேசையையும் எடம் மாத்திக் கேக்கறாங்க."

அவர் அவள் காதோரம் குனிந்தார். "பாத்தீங்களா? நேத்து அவதான் அங்கயே இருக்கட்டும்னு சொன்னா. ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க, அவ சொன்னபடியே பண்ணிருங்க."

மூன்று மணிக்குள் ஆறு வயரும் அந்தந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தன. பற்றாத வயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினாள், நீளமானதை அறுத்துக் குட்டையாக்கினாள். பல்லியைக் கழற்றிப் பையில் போட்டாள். கூரையில் அது இருந்த இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாகத் தெரிந்தது. நடுவில் மதியச் சாப்பாட்டை அவளுக்கும் சேர்த்தே போட்டார்கள். அவரைக்காய்ப் பொரியலில் உப்பே இல்லை. அர்த்தநாரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் சோதனை. ஒற்றை ஆளாக வேலை பார்ப்பதால் இதற்கு வீட்டுக்காரர்களைத்தான் பவளக்கொடி துணைக்கு வைத்துக்கொள்வாள். ஒருவர் கூடத்தில் நின்று, அவள் சொல்கிற நம்பர் வயரைச் சோதனைப் பெட்டியில் மாட்ட வேண்டும். இன்னொருவர் அதே நம்பர் போட்ட சுவர் ஓட்டையில் சின்னக் கருவியைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று சத்தம் கொடுக்க வேண்டும். அர்த்தநாரியைக் கூடத்தில் நிறுத்தினாள். கலாமணியைக் கருவியோடு அறை அறையாக அனுப்பினாள். அவள் நடைவழியில் ஏணி மேல் ஏறி, பரண் பக்கம் தொங்கிய வயர்களைக் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஒண்ணு!"

"மாட்டியாச்சுங்க!"

"எரியுது கண்ணு!"

இரண்டும் எரிந்தது. மூன்றும் நான்கும் எரிந்தன. இன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு.

"அஞ்சு!"

கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வயர்களைத் தள்ளித் தேடுகிற சலசலப்பு கேட்டது. பிறகு, "மாட்டியாச்சுங்க!"

சமையலறையிலும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "எரியுது கண்ணு! நல்லாப் பச்சையா எரியுது!"

ஆறு என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கையில் ஒரு வயர் இருந்தது. அதன் முனையில் அவளே ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்திலேயே ஐந்து என்று இருந்தது. கூடத்துக்குப் போக வேண்டிய முனை அது. அவள் இன்னும் அதைக் கீழே விடவே இல்லை.

ஏணிமேல் நின்றபடியே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்தாம் நம்பரைக் காணோம் என்றதும், கலாமணிதான் எங்கேயோ எடுத்து வைத்து மறந்துவிட்டாள் என்று அர்த்தநாரி நினைத்திருக்கிறார். காட்டிக்கொடுக்க மனசில்லாமல் மாட்டியாச்சு என்றார். விளக்கு எரியவில்லை என்றதும், அவர்தான் எதையோ தப்பாக மாட்டிவிட்டார் என்று கலாமணி நினைத்திருக்கிறார். அவரும் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் எரியுது என்றார். வயரே இல்லாத லைன் இரண்டு பக்கமும் ஜோராக வேலை செய்கிறது! சிரிப்புத்தான் முதலில் வந்தது. அடுத்த நிமிஷமே அது நின்றுபோயிற்று. நாளைக்கு இந்த வீட்டில் நிஜமாகவே அடுப்பு அணைக்காமல் கிடந்தாலும் இரண்டு பேரும் அணைத்தாயிற்று என்றுதானே சொல்வார்கள்.

இருந்தாலும் கலாமணியாவது தெளிவாக இருக்கிறாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டு இறங்கினாள். ஐந்தாம் வயரைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் அவளே மாட்டி, ஆறையும் அவளே சரிபார்த்தாள். கலாமணி முகமெல்லாம் சிரிப்பாகச் சமையலறையிலிருந்து வந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதா? காலைல இருந்து ஒத்தையில எத்தன பாடு! உம்பேரென்ன கண்ணு?"

பவளக்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பவளக்கொடி" என்றார் அர்த்தநாரி, முந்திக்கொண்டு, ரொம்ப மெதுவாக.

"நல்ல பேரு" என்றார் கலாமணி. "எங்க பெரியம்மா பேரு."

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷன் மாடியில் சொன்னது அத்தனையும் நிஜம். கலாமணி சமையலறையில் சொன்னது அத்தனையும் நிஜம். மறதி இரண்டு பேருக்கும்தான். பல்லி இரண்டு பேரில் யாரைப் பார்த்து மஞ்சளாக எரிந்ததோ தெரியாது, மற்றவர் பக்கம் திரும்ப அதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

கூடத்து மேசையில் உட்கார்ந்து பாரத்தைத் திறந்தாள். முன்பெல்லாம் இந்த உறுதிமொழியைப் பல்லிக்குக் கீழே நின்று வாயால் சொல்ல வேண்டும். மூச்சு தடுமாறினால் அதையும் குறித்துக்கொள்ளும். பிறகு, புது லைன் வேலை செய்வதற்குச் சாட்சியாக அந்த லைன் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். விதி எழுதினவர் எதை யோசித்து எழுதினாரோ, இப்போது அவள் மூச்சை எண்ண அந்தக் கூரையில் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷத்து ஏணி கண்ணில் வந்து நின்றது. கோபிக்காரரின் குரலும் வந்தது. நினைவு குறைந்தவர் யாரேனும் உள்ளதாகத் தெரிந்ததா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்று தட்டினாள்.

அதற்குக் கீழே ஒரு வரி. வாரம் ஒரு முறை நேரில் வந்து கவனிப்பவர் பெயர். பெரும்பாலும் மகன் பெயரோ மகள் பெயரோ வருகிற இடம். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. விண்ணப்பத்தை இரண்டு பேரும் தனித்தனியாக நிரப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் அந்த வரியில் கலாமணி என்று எழுதியிருந்தார். அந்த அம்மா அர்த்தநாரி என்று எழுதியிருந்தார். வீட்டில் வசிப்பவர் பெயர் செல்லாது என்று இரண்டுமே சிவப்புக் கோடு போட்டுத் திரும்பியிருந்தன.

பவளக்கொடி இரண்டு கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். உனக்கு இது தேவையா என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். தேவையில்லைதான். அந்த வரியில் தன் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டாள். புது லைன் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது.

"என்னங் அம்மணி, ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க சார். புது லைனு பாருங்க, வாராவாரம் வந்து பாக்கோணும்னு சட்டம். ஞாயித்துக்கெழம வரட்டுங்களா?"

"தாராளமா வாங்க, கோழி எடுத்தர்றேன்" என்றார் அவர்.

ஏணியை மடக்கிக்கொண்டிருக்கும்போது கலாமணி அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஒரு டப்பாவில் மிச்சப் பொரியலைப் போட்டு அவள் கையில் திணித்தார். அந்தக் கையை விடவில்லை.

"வயரப் பாக்க வாராவாரம் யாரும் வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் கண்ணு. நீ அவரப் பாத்துக்கத்தானே வர்ற?"

"ஆமாங்கம்மா."

கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். பவளக்கொடி வெளியே வந்து வண்டியில் ஏணியை ஏற்றிக் கட்டினாள். கேட்டைச் சாத்த வந்த அர்த்தநாரி, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டி ஜன்னலில் கை வைத்தார்.

"அம்மணி, லைனப் பாக்க அப்படி ஒரு சட்டம் இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. அவளப் பாத்துக்கத்தானே வர்றீங்க?"

"ஆமாங்க சார்" என்றாள் பவளக்கொடி.